பதினாலு பேசறேன்

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. இரண்டாவதாகக் கேட்பது, உள்ளே மட்டும் ஏன் இவ்வளவு குளிர்ச்சி என்று. முதல் கேள்விக்கு வாசல் காவலாளி பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது என் பங்கு. வெள்ளைக்காரன் கட்டின கட்டடம் இது. சுவரின் தடிமன் ஒரு முழத்துக்கு மேல். வெளியே அடிக்கிற வெயில் அந்தச் சுவருக்குள் ஊறி உள்பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூரையோ மூன்று ஆள் உயரம். சூடான காற்று மேலே ஏறும், அங்கே சுவரில் வட்ட வட்டமாக விட்டிருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போகும். போன காற்றின் இடத்தை நிரப்ப, கீழே ஜன்னலின் சாய்வுப் பலகைகளுக்கு நடுவே புதுக்காற்று நுழையும். மின்விசிறி இல்லாமலே கட்டடம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

இதை நான் சொல்ல ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன். மேடம் மாடிப்படியில் நின்றபடி குரல் கொடுப்பார்: "திருப்புளி, போதும். அவங்க வீட்டுக்குப் போகணும்."

திருப்புளி என்பது நான். பழுது பார்ப்பது, துடைப்பது, ஆணி அடிப்பது, கண்ணாடிப் பெட்டிகளைப் பூட்டித் திறப்பது எல்லாம் என் வேலை. சட்டைப் பையில் திருகாணி முடுக்க எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும், அதனால் அந்தப் பெயர். மேடம் இந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். எங்கள் இரண்டு பேரையும் காவலாளியையும் விட்டால் இங்கே வேறு யாரும் கிடையாது.

கட்டடத்தின் கீழ்த்தளம் ஒரு காலத்தில் வரி வசூல் அலுவலகம். வெள்ளைக்காரன் போன பிறகு மாடியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது. எங்கள் ஊரில் யார் யாருக்குப் போன் செய்தாலும் அந்த மாடி அறைக்கு வந்துதான் போகவேண்டும். கீழே சுவரில் என் மார்பு உயரத்துக்கு நீலக்கோடு ஒன்று போட்டிருக்கிறோம். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளம் நின்ற மட்டம் அது. எக்ஸ்சேஞ்ச் மாடியில் இருந்ததால் தப்பித்தது. அங்கே போன் கோடுகளைக் கையால் இணைத்த ஸ்விட்ச்போர்டு இன்னும் இருக்கிறது. அதை ஓட வைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

அந்த மாடி அறையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பதாக இருந்தோம். சுவரில் பலகை தயார். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி மேடையில் சான்றிதழ் வாங்குகிற படம், கீழே நாலு வரி: வெள்ளம் வந்த ஞாயிறு மதியம் எக்ஸ்சேஞ்சில் தனியாகப் பணியில் இருந்த பதினாலாம் எண் ஆபரேட்டர், அணையைத் திறந்துவிட்ட செய்தி கிடைத்ததும், இடத்தை விட்டு நகராமல் தாழ்வான தெருக்களில் இருந்த நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் போன் செய்து எச்சரித்தார்.

எண்ணைச் சொல்வதுதான் அப்போது வழக்கம். ஆபரேட்டர்கள் பெயர் சொல்லக்கூடாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பேசப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், குரலை வைத்து யார் என்று கண்டுபிடிக்க முடியாது. எண்ணே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. வேலையை விட்ட பிறகும் தெருவில் பார்த்தால், "என்ன பதினாலு, சௌக்கியமா?" என்பார்களாம்.

மேடம் இரண்டு மாதம் அலைந்து அந்தப் பதினாலின் விலாசத்தைக் கண்டுபிடித்துத் திறப்பு விழாவுக்கு வரும்படி கடிதம் போட்டிருந்தார். விழாவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையே அவர் வந்து நின்றார். அறுபத்தெட்டு வயது. கூட மகள்.

"எங்கம்மாதான் அந்த பதினாலு," என்று மகள் காவலாளியிடமே ஆரம்பித்துவிட்டார். மாடிப்படி ஏறும்போது என்னிடமும் சொன்னார். பலகைக்கு முன்னால் அம்மாவை நிறுத்திப் படம் எடுக்கப் போனார். அம்மா நிற்கவில்லை. நேராகப் போர்டுக்கு முன்னால் இருந்த உயரமான நாற்காலியில் போய் உட்கார்ந்தார். 'தொடாதீர்கள்' என்று எழுதின அட்டை அதில் கட்டியிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"இது வேலை செய்யுதா தம்பி?"

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

"எல்லாம் செய்யுதும்மா. இங்க பாருங்க, நூறு தகட்டுக் கதவு. ஒவ்வொண்ணும் ஒரு வீடு. ஒரு வீட்டுக்காரர் போன் பெட்டியில கைப்பிடியைச் சுத்தினா, கரண்ட் வந்து அந்தக் கதவோட கொக்கியை இழுக்கும், கதவு டக்னு கீழ விழும். உடனே நீங்க…"

"தம்பி," என்று மகள் சிரித்தார். "பன்னெண்டு வருஷம் இதுல உக்காந்தவங்ககிட்ட பாடம் எடுக்கறீங்களே."

"சொல்லட்டும் விடு," என்றார் அம்மா. "எங்களுக்கு யாரும் உள்ள என்ன நடக்குதுன்னு சொன்னதே இல்ல. விழுந்தா எடு, பேசு, செருகு. அவ்வளவுதான்."

நான் பக்கத்து அறைக்கு ஓடினேன். அங்கே பழைய போன் பெட்டி ஒன்றை இணைத்து வைத்திருக்கிறேன். கைப்பிடியைச் சுற்றினேன். போர்டு பக்கம் இருபத்தேழாம் கதவு விழுகிற சத்தம் கேட்டது. காதில் ரிசீவரை வைத்தபடி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அவர் போர்டைப் பார்க்கவே இல்லை. முகம் மகள் பக்கம் இருந்தது. இடது கை மட்டும் தானாகப் போய் பின்வரிசைப் பிளக்கை உருவி, விழுந்த கதவுக்குக் கீழே இருந்த துளையில் செருகியது. இன்னொரு விரல் பேசுவதற்கான விசையைத் தள்ளியது. என் காதில் குரல் வந்தது. அறுபத்தெட்டு வயதுக் குரல் இல்லை அது.

"பதினாலு பேசறேன். எந்த நம்பர் வேணும்?"

சொக்கிப் போய்விட்டேன். எட்டு மாத உழைப்பு! ஏதாவது எண் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் கோடு செத்துவிட்டது. அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். நான் திரும்பி வந்தபோது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடத்தைக் கொஞ்சம் கூப்பிடுங்க," என்றார். மகளிடம் சொல்கிறாரா என்னிடமா என்று தெரியவில்லை. மேடமே அதற்குள் வந்துவிட்டார்.

"இந்தப் பலகையை எடுத்துடுங்கம்மா," என்றார் பதினாலு. "அன்னிக்கு இந்த நாற்காலியில நான் இல்ல."

மேடம் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் கையில் போன் அப்படியே நின்றது.

பதினாலு சொன்னது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு ஆபரேட்டர். அந்த ஞாயிறு இவருடைய முறை. இவருக்குச் சினிமா பார்க்க ஆசை. புதுப் படம், பகல் காட்சி. கூட வேலை பார்த்த ஒன்பதாம் எண் ஆபரேட்டர், "நீ போ, நான் உக்காந்துக்கறேன்" என்றார். முறையை மாற்ற மேலாளரிடம் இரண்டு நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் காரணம் கேட்பார். சினிமா என்றால் திட்டுவார். அதனால் எல்லோரும் எப்போதும் செய்கிறபடியே செய்தார்கள். பதினாலு சனிக்கிழமை சாயங்காலமே வருகைப் பதிவேட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஒன்பது வந்து உட்கார்ந்தார். கோட்டில் யார் வந்தாலும் "பதினாலு பேசறேன்" என்றார்.

"இடைவேளை விட்டப்ப தியேட்டருக்குள்ள தண்ணி வந்துடுச்சு. பால்கனியில ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டிருந்தேன். எறங்கி வந்து பார்த்தா ஊரே என்னைக் கும்பிடுது. பதினாலு கூப்பிட்டா, பதினாலு காப்பாத்தினான்னு. எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல. ஒம்பதைத் தேடிப் போனா, 'வாயைத் திறக்காதே, திறந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். குடுக்கறதை நீ வாங்கிக்கோ'ன்னா. வாங்கிக்கிட்டேன். அந்தப் படந்தான் இது."

மகள் மெதுவாகச் சொன்னார்: "ஸ்கூல்ல பேச்சுப் போட்டியில உன்னைப் பத்தித்தானேம்மா பேசினேன். கப்பு வாங்கினேன். அதை இப்ப யாருகிட்ட போய் திருப்பிக் குடுக்கறது?"

"உங்கிட்ட நான் அதை ஒருநாளும் சொன்னதில்ல. உங்கப்பா சொன்னாரு."

"நீ இல்லைன்னும் சொல்லலையே."

மேடம் எழுந்து போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். மேடம் கெட்டவர் அல்ல, கணக்கானவர். கைக்கு ஆதாரம் வராமல் ஒரு எழுத்தை மாற்ற மாட்டார்.

"அம்மா, உங்க கையெழுத்து இங்க இருக்கு. சான்றிதழ் இருக்கு. நீங்க இப்ப சொல்றதுக்கு என்ன ஆதாரம் இருக்கு? நீங்க பெருந்தன்மையில சிநேகிதிக்கு விட்டுக் குடுக்கறீங்களோன்னு கூட எனக்குத் தோணலாமில்ல?"

பதினாலு அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. வெள்ளத்தன்று பயன்படுத்தின சந்தாதாரர் பட்டியல். கீழ்த்தெருக்களின் எண்கள் வரிசையாக அச்சடித்திருக்க, ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலில் ஒரு குறி, நேரம்.

"தம்பி, அதைத் திறங்க."

திறந்தேன். வெளியே எடுக்கவில்லை, தாள் நொறுங்கிவிடும். அவர் குனிந்து பார்த்தார்.

"இந்த டிக்கைப் பாருங்க. வால் எந்தப் பக்கம் போகுது?"

பார்த்தேன். எனக்கு முகம் சூடேறியது. இரண்டு மாதமாக அந்தக் கண்ணாடியை நான்தான் துடைக்கிறேன். நாமெல்லாம் சரி என்று குறி போடும்போது ஒரு சின்னக் கோடு கீழே இறங்கி, நீளக் கோடு வலப்பக்கம் மேலே ஏறும். இந்தத் தாளில் அத்தனை குறியும் இடப்பக்கம் ஏறின. கண்ணாடியில் பார்த்த மாதிரி. அவசரத்தில் கோணலாகப் போட்டிருக்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

"ஒம்பதுக்கு நொட்டாங்கை," என்றார் பதினாலு. "அதுக்காக மேலாளர்கிட்ட வாங்காத திட்டில்ல."

அதோடு விட்டிருந்தாலும் போதும். நான்தான் விடவில்லை. நேரத்தைப் பார்த்தேன். இரண்டு பத்துக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிந்திருக்கிறது. நாற்பத்திரண்டு வீடு, ஐம்பது நிமிஷம். ஒரு வீட்டுக்கு ஒரு நிமிஷம் பத்து நொடி. எப்படி? எனக்கு அது எட்டு மாதமாகவே விளங்காத கணக்கு. பிளக்கைச் செருக வேண்டும், மணி அடிக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், பேச வேண்டும், குறி போட வேண்டும். மணி அடிக்கிற கைப்பிடி போர்டின் வலப்பக்கம் இருக்கிறது.

"மேடம், இங்க வாங்க," என்றேன். "வலது கையால எழுதறவங்க ஒவ்வொரு தடவையும் பென்சிலைக் கீழ வெச்சுட்டு, கைப்பிடியைச் சுத்திட்டு, மறுபடி பென்சிலை எடுக்கணும். நான் செஞ்சு பார்த்தேன், ஒண்ணரை நிமிஷத்துக்குக் குறைஞ்சு முடியல. நொட்டாங்கைக்காரங்களுக்கு பென்சில் இடது கையிலயே இருக்கும். வலது கை கைப்பிடியில. எழுதிக்கிட்டே அடுத்த வீட்டுக்கு மணி அடிக்கலாம். இந்தப் போர்டு அவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி."

"என்னால முடிஞ்சிருக்காது," என்றார் பதினாலு. "அதைத்தான் சொல்ல வந்தேன். முப்பது வீடு கூப்பிட்டிருப்பேன். மிச்சம் பன்னெண்டு வீட்ல ஆளுங்க இருந்திருப்பாங்க. இத்தனை வருஷமா அந்தக் கணக்கைத்தான் நான் போட்டுக்கிட்டிருக்கேன்."

மேடம் தாளையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி. நம்பறேன்," என்றார். "ஆனா ரெண்டு விஷயம். பதிவேட்டுல ஏன் உங்க கையெழுத்து இருக்குன்னு பலகையில எழுதணும். நீங்க சினிமாவுக்குப் போனது வரும். சம்மதமா?"

"அதுக்குத்தானே வந்தேன்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டாவது, அவங்க சம்மதிக்கணும். உயிரோட இருக்கறவங்க பேரை அவங்களைக் கேக்காம சுவத்துல மாட்ட மாட்டேன். எங்க இருக்காங்க?"

"இதே ஊர்ல. அந்தக் கோடி. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்குவோம், ரெண்டு வார்த்தை பேசிக்குவோம். இந்தப் பேச்சை எடுத்தா மட்டும் எழுந்து போயிடுவா. அவ பேரை நான் தின்னுட்டேன்னு கோவம். நியாயந்தான்."

வியாழக்கிழமை மதியம் மகள்தான் இரண்டு பேரையும் காரில் அழைத்து வந்தார். பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்களாம், வழி நெடுக ஒரு பேச்சில்லை. மகள் அதை என்னிடம் சொல்லும்போது முகத்தில் செவ்வாய்க்கிழமை இருந்த இறுக்கம் இல்லை. "அந்த அம்மா வீட்டுக்கு எங்கம்மாவோட போனேன். வாசல்லயே 'எனக்கு சினிமா பைத்தியம் புடிச்சுதான் நீ மாட்டிக்கிட்டே'ன்னு எங்கம்மா சொன்னாங்க. எங்கம்மா யார்கிட்டயும் அப்படித் தலை குனிஞ்சு நான் பார்த்ததில்ல," என்றார்.

ஒன்பது ஒல்லியாக, குட்டையாக இருந்தார். படியேறி வந்ததும் பலகையைப் படித்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

"தப்பு," என்றார்.

"அதைத்தாங்க மாத்தப் போறோம்," என்றார் மேடம். "பதினாலுக்குப் பதிலா…"

"அது இல்ல. நாப்பத்திரண்டுன்னு போட்டிருக்கு. நாப்பத்தொண்ணு. அப்புறம், எம்பேரு வேணாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். இவ வீட்டு வாசல்ல வந்து நின்னு அழுதா, பார்க்க சகிக்கல, கார்ல ஏறினேன். அவ்வளவுதான்."

"ஏய், நான் எப்படி அழுதேன்?"

"மூக்கை உறிஞ்சினே."

"சளி."

"நாப்பத்தாறு வருஷமா உனக்கு ஒரே சளி."

மேடம் குறுக்கிட்டார். "ஏம்மா வேண்டாங்கறீங்க? இவங்க மேல கோவமா?"

"இவ மேல எனக்கென்ன கோவம்?" என்றார் ஒன்பது. நிஜமாகவே புரியாத மாதிரி அவர் பதினாலைப் பார்த்தார். "நீ அப்படியா நெனைச்சே? பைத்தியமே."

பிறகு கண்ணாடிப் பெட்டி பக்கம் போனார். நான் திறந்தேன். அவர் விரல் தாளைத் தொடாமல் அதற்கு மேலே இறங்கி வந்து ஆறாவது வரியில் நின்றது. அங்கே டிக் இல்லை, ஒரு சின்ன வட்டம். பென்சில் திரும்பத் திரும்ப அதே இடத்தில் சுற்றியிருந்தது. மேடமும் நானும் அதையும் ஒரு குறியாகச் சேர்த்து எண்ணிவிட்டோம்.

"தையல் கடை," என்றார். "தெருக் கோடி, ஆத்தை ஒட்டினாப்ல. அந்தத் தெருவுல கடைசிக் கடை. அந்தத் தையல்காரருக்கு ஒரு கால் சரியில்ல. உள்கட்டுல உக்காந்து தைப்பாரு, போன் முன்கட்டுல. சாதாரண நாள்லயே அவர் எழுந்து வர்றதுக்குள்ள எட்டு ரிங் போயிடும். எல்லா ஆபரேட்டருக்கும் அது தெரியும். இல்லடி?"

பதினாலு தலையாட்டினார். அவர் முகம் மாறியிருந்தது.

"விதி மூணு ரிங். எடுக்கலேன்னா அடுத்த ஆள். நான் அன்னிக்கு விதிப்படி மூணு அடிச்சேன். இன்னும் முப்பத்தாறு வீடு பாக்கி. விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். மறுநாள் அவரைக் கடைக்குள்ளயே பொணமா எடுத்தாங்க. நாலாவது ரிங்குல அவர் எழுந்திருப்பாரு. அஞ்சாவதுல கக்கத்துக் கட்டையை எடுத்திருப்பாரு. லைன்ல நான்தான் இல்ல." ஒன்பது சேலைத் தலைப்பால் கண்ணாடியின் ஓரத்தைத் துடைத்தார். அங்கே தூசி இல்லை. "இப்பவும் யாருக்காவது போன் பண்ணினா வைக்கமாட்டேன். இருபது, முப்பது தடவை அடிக்க விடுவேன். என் மருமக சிரிப்பா, எதிர்ல இருக்கறவங்க திட்டுவாங்க. இந்த லட்சணத்துல என் பேரைச் சுவத்துல மாட்டி, கீழ மாலை போடுவீங்களா?"

பதினாலு அவர் தோளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

எனக்கு அந்த நேரத்தில் இரக்கம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. என் புத்தி அப்படி.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். யோசிக்காம சொல்லுங்க. அந்தக் கடைக்கு மணி அடிக்கக் கைப்பிடியைச் சுத்தினீங்களே, அது எப்படி இருந்துச்சு?"

மேடம் என்னை முறைத்தார். ஒன்பது முறைக்கவில்லை. அவருடைய வலது கை, ஒன்றுமில்லாத காற்றில், ஒரு கைப்பிடியைப் பிடித்தது.

"கனமா," என்றார். "கல்லு மாதிரி. ரெண்டாவது ரிங்குக்கு ரெண்டு கையும் போட்டேன். பென்சில் கீழ விழுந்துடுச்சு. பொறுக்கிப் பார்த்தா முனை உடைஞ்சிருந்துச்சு. சீவ எங்க நேரம், அப்படியே…"

நான் தாளைப் பார்த்தேன். முதல் ஐந்து குறி மயிரிழை மாதிரி மெல்லிசு. வட்டத்திலிருந்து கீழே அத்தனையும் மொண்ணைப் பென்சிலின் தடிப்பு.

"மத்த வீடுங்களுக்கு?"

"எப்பவும் போலத்தான். ஏன் தம்பி?"

அந்த மணி அடிப்பதற்கான மின்சாரம் வேறெங்கிருந்தும் வருவதில்லை, ஆபரேட்டரின் கையிலிருந்து வருகிறது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே காந்தங்களுக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள் சுழலும், அதில் மின்சாரம் பிறக்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு கம்பி. ஒன்றில் போய், வீட்டு மணியை அடித்து, மற்றதில் திரும்பி வரும். மணி என்பது மின்சாரத்துக்குக் குறுகலான வழி, கொஞ்சமாகத்தான் ஓட முடியும், அதனால் கைப்பிடி லேசாகச் சுழலும். போகிற வழியில் அந்த இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் கதை வேறு. மின்சாரம் வீடு வரைக்கும் போகாது. தொட்ட இடத்திலேயே திரும்பிவிடும். அதற்குத் தடையே இல்லை, மடை திறந்த மாதிரி ஓடும். அவ்வளவு மின்சாரத்தையும் பெற்றுக் கொடுக்க வேண்டியது கை. அதனால் கைப்பிடி இறுகும். போர்டை ஓட வைக்கும்போது ஒரு பழைய வயரில் நூலுறை கிழிந்து இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டிருந்தன. அது தெரியாமல் பேரிங்தான் இறுகிவிட்டது என்று நான் இரண்டு நாள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் சொன்னேன். மேடம் ஒரு தடவைகூட "போதும்" என்று சொல்லவில்லை.

"அந்தக் கடைக்குக் கேபிள் தரைக்கடியில போச்சு. பஞ்சும் காகிதமும் சுத்தின கம்பி. ஆத்தங்கரையில இருந்த பெட்டிக்குள்ள தண்ணி போயிருக்கு, கேபிள் ஊறிப்போய் ரெண்டு கம்பியும் ஒண்ணாயிருக்கு. நீங்க முதல் ரிங் அடிக்கறப்பவே. அதான் கனத்துச்சு. அம்மா, அந்தக் கடையில மணி அடிக்கவே இல்ல. மூணு அடிச்சாலும் முப்பது அடிச்சாலும் அங்க சத்தம் வந்திருக்காது."

ஒன்பது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்லயே அவரைக் கூப்பிட்டிருந்தா? ஆறாவதா இல்லாம?"

பொய் சொல்லியிருக்கலாம். பதினாலு என்னைப் பார்த்த பார்வையில் அதற்கான கெஞ்சல் கூட இருந்தது.

"அது எனக்குத் தெரியாதும்மா. ஏழு நிமிஷத்துக்கு முன்னால கம்பி நல்லாயிருந்துச்சா இல்லையான்னு எந்தத் தாள்லயும் இல்ல. பட்டியல்ல இருந்த வரிசையில நீங்க கூப்பிட்டீங்க. நாலாவது ரிங்கு பத்தி மட்டுந்தான் என்னால சொல்ல முடியும். அது இல்ல."

"ஆறுதலுக்குச் சொல்றியாப்பா?"

"வந்து சுத்திப் பாருங்க."

அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. பதினாலு தானாகக் குனிந்து, மேசைக்கடியில் இருந்த மரப்பலகையைக் காலுக்கு இழுத்துப் போட்டார். நான் பக்கத்து அறைப் பெட்டிக்கு ஒரு பிளக்கைச் செருகி, "இப்ப சுத்துங்க," என்றேன். சுற்றினார். அங்கே மணி கணீர் என்று அடித்தது.

"இது எப்பவும் போல," என்றார்.

போர்டின் பின்னால் போய், அந்தக் கோட்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுச் செம்புக்கம்பியால் இணைத்தேன். "மறுபடி."

கைப்பிடி கால் சுற்று போய் நின்றது. அவர் அழுத்தினார். முனகிக்கொண்டே அரைச் சுற்று நகர்ந்தது. பக்கத்து அறையில் மூச்சுப் பேச்சில்லை. அவர் இடது கையையும் கொண்டுவந்து வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றினார். ஒரு சுற்று. இன்னொன்று. மணி அடிக்கவில்லை. நிறுத்தவே இல்லை அவர். மகள் முன்னால் வந்தார், பதினாலு கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

"இதேதான்," என்றார் ஒன்பது கடைசியில். மூச்சு வாங்கியது. "இதே கனம்."

கைப்பிடியில் இருந்து கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பதினாலு பக்கத்தில் நின்றார். மேடம் பழைய பலகையின் வாசகம் அடித்த தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் எழுத என்னிடம் பேனா கேட்டார்.

"எழுதிக்கோங்க மேடம்," என்றார் ஒன்பது. "எண் மட்டும் போதும், ஒம்பதுன்னு. இவ படத்தைக் கழட்ட வேணாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். கீழ இவ சினிமாவுக்குப் போனதைப் போடுங்க, நான் பொய்க் கையெழுத்துக்கு உடந்தைன்னும் போடுங்க. நாப்பத்தொரு வீட்ல எடுத்தாங்க. தையல் கடையில மணி அடிக்கல. தண்ணி நமக்கு முன்னால போயிடுச்சு. அதையும் எழுதுங்க."

மேடம் எழுதிக்கொண்டிருந்தார்.

"அவர் தையல்காரர்னு மட்டும் போட்டாப் போதாது," என்றார் பதினாலு. "கடையோட போன் நம்பரையும் போடுங்க. முப்பத்தெட்டு."